தலைப்புப் போடாத தாள்கள்

எங்கள் ஊர் மாதர் சங்கக் கட்டடத்தின் முன்சுவரில் ஏழு பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. மன்னார்த் தீவின் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அவற்றில் நாலின் எழுத்துகள் போய்விட்டன. பலகைகள்தான் ஏழு. உள்ளே வந்து கதிரையில் உட்காரும் பெண்கள் எப்போதும் அதே முப்பத்தொரு பேர். ஏழுக்கும் செயலாளர் நான் ஒருத்திதான்.

நான் விரும்பி ஏற்ற பதவி இல்லை இது. எங்கள் ஊரில் நிர்வாகத் தெரிவு நடக்கிற நாளில் வராத ஆளைத்தான் தெரிவு செய்வார்கள். வந்திருப்பவர்கள் எல்லோரும் "எனக்கு ஏலாது" என்று சொல்லிவிடலாம். வராதவளால் அதைச் சொல்ல முடியாது. இது தெரிந்துதான் காய்ச்சலோடும் ஆட்கள் அந்த ஒரு கூட்டத்துக்கு வந்து சேர்வார்கள். அன்றைக்கு நான் கடைவாய்ப் பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாய்க்குள் பஞ்சோடு பஸ்ஸால் இறங்கினால், சங்கத் தலைவி சந்தியிலேயே நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"செக்கிரட்டரி, வாழ்த்துக்கள்!"

மறுத்துப் பேச வாயைத் திறக்க முடியவில்லை. அது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் இராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு போவேன். அதை ஏற்றுக்கொள்ள முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். தலைவி கடிதத்தை உரத்து வாசிப்பார். ஒருவரும் கையைத் தூக்க மாட்டார்கள். மின்விசிறி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு தேநீர் வந்துவிடும்.

என்னை இப்படிப் பிடித்து வைத்ததற்குக் காரணம் என் ஆங்கிலம். கலியாணத்துக்கு முன் நான் மன்னார் டவுனில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கந்தோரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் ஒன்றுசேர்வதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் உண்டு என்பதை அங்கேதான் படித்தேன். ஒவ்வொரு சொல்லும் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்பதையும் அதன் பிறகு கண்ணால் பார்த்தேன்.

முதலில் இருந்தது சொசைட்டி. கடற்றொழிலாளருக்கு ஒன்று, மாதருக்கு ஒன்று. சொசைட்டி என்றால் பதிவு இலக்கம் இருக்கும், ரப்பர் முத்திரை இருக்கும், முத்திரையை வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருக்கும். கொமிட்டி கோயில் பெருநாளோடு வருவது. கொமிட்டி என்றால் சண்டை. பெருநாள் முடிந்ததும் கொமிட்டி கலைந்துவிடும், சண்டை மட்டும் அடுத்த பெருநாள் வரைக்கும் கிடக்கும். யுத்தம் முடிந்த பிறகு வெள்ளை வாகனங்களில் குரூப் வந்தது. குரூப் என்றால் பயிற்சிப் பட்டறை, மதியச் சோற்றுப் பார்சல், சுவரில் ஒட்டும் பெரிய தாள். அதற்குப் பின் போரம் வந்தது. அதற்கு வவுனியாவில் குளிரூட்டிய மண்டபம் வேண்டும். நெட்வேர்க் என்றால் விடிய முந்திக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும். டீம் என்றால் தொப்பியும் ரீசேர்ட்டும் தருவார்கள், எங்கள் பெண்களுக்கு எந்த ரீசேர்ட்டும் அளவாக இருந்ததில்லை. போர்ட் என்று ஒன்றும் உண்டு. அது கதவைச் சாத்திக்கொண்டு கூடுவது, எங்களில் ஒருவரும் அதன் உட்பக்கத்தைப் பார்த்ததில்லை. யூனியன் என்ற சொல்லை மட்டும் ஒருவரும் எங்களுக்குக் கொண்டுவந்து தரவில்லை. ஒருமுறை நானாகவே அதைச் சொன்னபோது வாகனத்தில் வந்த அம்மையார் புளித்த மோர் குடித்தது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"சொசைட்டி இருக்குத்தானே, அதை வைச்சே செய்யுங்கோவன்" என்று தொடக்கத்தில் நான் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன்.

"அது டிப்பார்ட்மென்டுக்குக் கீழ வாற அமைப்பு அக்கா. எங்கட புரொஜெக்ட்டுக்குப் புதுசா ஒரு குரூப் வேணும்" என்பார்கள்.

அதனால் அதே முப்பத்தொரு பேரும் புதிதாக ஒன்றுசேர்வார்கள். ஒரு பலகை வரும். முதுகில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் கதிரைகள் வரும். போரம் கதிரையில் இருந்துகொண்டு சொசைட்டிக் கூட்டம் நடத்துவோம். இரண்டு வருஷத்தில் வாகனம் வராமல் போகும், கதிரைகள் மட்டும் மிஞ்சும்.

பிரச்சினை ஒப்பத்தில் வந்தது. ஒவ்வொரு அமைப்புக்கும் மாதாமாதம் கூட்டம் நடந்ததற்கு வரவுத் தாள் வேண்டும், முப்பத்தொரு கையெழுத்தோடு. எங்கள் பெண்களில் முக்கால்வாசிப் பேர் கருவாட்டுக்காரர். காலையில் வள்ளம் வந்தால் மீன் வெட்ட வேண்டும், உப்புப் போட வேண்டும், காயவிட வேண்டும், காகத்துக்கும் கழுதைக்கும் காவல் இருக்க வேண்டும். கூட்டத்துக்காகச் சூடை மீன் காத்துக்கொண்டிருக்காது. கடைசியில் தலைவிதான் வழி சொன்னார்.

"மாதத்தில முதல் செவ்வாய் எல்லாரும் வாறம்தானே. அண்டைக்கே பத்துத் தாளில ஒப்பம் வைச்சுத் தாறம். நீர் அலுமாரியில வைச்சிரும். ஆர் வருகினமோ, அவைக்கு ஏத்த தலைப்பை மேல போட்டுக் குடும்."

அப்படித்தான் 'ஒப்பச் செவ்வாய்' தொடங்கியது. தேநீர் கொதிக்கும் நேரத்தில் தாள்கள் கை மாறிப் போகும். மேலே மூன்று விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டிருப்பேன். அலுமாரியைப் பூட்டித் திறப்பை என் இடுப்பில் செருகிக்கொள்வேன். எந்தக் கந்தோரிலிருந்து யார் வந்து கேட்டாலும் ஒரு தாளை உருவி, கொமிட்டியா, போரமா, நெட்வேர்க்கா என்று கேட்டு மேலே எழுதி நீட்டுவேன். என்ன கெட்டித்தனம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டதும் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மெச்சிக்கொண்டேன்.

எல்லாத் தாளிலும் முதலாவது ஒப்பம் என் மச்சாளுடையது. என் கணவரின் அக்கா. அவருடைய மனுசன் பாரிசவாதம் வந்து ஆறு வருஷமாகப் படுக்கை. மகள் உயர்தரம் படிக்கிறாள். மச்சாள் காயப்போடுகிற கருவாட்டில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. நாற்பத்தைந்து வயது வரை அவர் பெருவிரலில் மை பூசி அடையாளம் வைத்தவர். குரூப்காரர் நடத்திய வகுப்பு ஒன்றில்தான் பெயரை மட்டும் எழுதப் பழகினார். ஈர்க்குக் குச்சியால் கடற்கரை மணலில் எழுதி எழுதிப் பார்ப்பார். பேனை பிடித்தால் நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே வந்துவிடும். ஒரு ஒப்பத்துக்கு மற்றவர்கள் ஐந்து ஒப்பம் வைக்கிற நேரம் எடுக்கும். அதனால் அவரிடம்தான் தாளை முதலில் கொடுப்போம். பெரிய எழுத்தில், கோட்டுக்கு மேலும் கீழும் போகும்படி எழுதுவார். எழுதி முடித்ததும் ஊதிக் காயவைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார்.

போன வருஷம் கரையோடு சேர்ந்த பனங்காணியை ஒரு கம்பனி எடுத்தது. உல்லாச விடுதி கட்டப் போகிறார்களாம். ஊரோடு பேச ஒரு பெண்பிள்ளையை அனுப்பினார்கள். முப்பது வயதிருக்கும், வவுனியாப் பக்கத்தவள், மரியாதையான பிள்ளை. மாதர் சங்கத்தில் ஒரு விளக்கக் கூட்டம் வைத்தாள். அன்று பார்த்துக் கடல் சூடையை அள்ளிக் கொடுத்திருந்தது. வந்தவர்கள் ஆறு பேர். அதிலும் இரண்டு பேர் மீன் செதில் காயாத கையோடு வந்து பத்து நிமிஷத்தில் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை கொண்டுவந்த நாற்பது கேக் துண்டும் பெட்டிக்குள் அப்படியே கிடந்தன.

"நாப்பது பேர் வருவினம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான் அக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. "எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாக்கேல்லை. ஆறு பேரின்ர ஒப்பத்தோட போனால் என்னை நிப்பாட்டிப்போடுவினம்."

எனக்கு மனம் கேட்கவில்லை. நானும் ஒரு காலத்தில் நிரந்தரமில்லாமல் டைப் அடித்தவள். அலுமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன்.

"தலைப்பு என்ன போட?"

"அதை நாங்கள் டைப் பண்ணிப் போடுறம் அக்கா. நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்?"

எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று அன்றைக்கு நினைத்தேன். கேக்கைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, கரையில் சிவப்புத் துணி கட்டிய முளைகள் அடித்திருந்தார்கள். பனங்காணிக்குள் இல்லை. அதையும் தாண்டித் தண்ணீர் வரைக்கும். அந்தத் துண்டுக் கரையில்தான் மச்சாள் இருபத்திரண்டு வருஷமாகக் கருவாடு காயப்போடுகிறார். ஒரு முளை அவர் மீன் உலர்த்துகிற பரணுக்கு நடுவிலேயே நின்றது. மற்றப் பெண்களுக்கு வீட்டு வளவிலேயே இடம் உண்டு. மச்சாளுக்கு இருப்பது ஒரு அறையும் ஒரு குசினியும் கொண்ட வீடு, வாசலைத் தாண்டினால் றோட்டு. கரை அரசாங்கக் காணி, உறுதிப் பத்திரம் கிடையாது. அந்த இடம் போனால் அவருக்குத் தொழில் போகும். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பதினைந்து பேர் சேர்ந்து கம்பனிக் கொட்டிலுக்குப் போனோம். அந்தப் பெண்பிள்ளை இல்லை, வேறொருவர் இருந்தார். கோபப்படாமல் ஒரு பைலைத் திறந்து போட்டோப் பிரதி ஒன்றை மேசையில் வைத்தார்.

"ஊர்ச் சனம் சம்மதிச்சுத்தானே எல்லாம் நடக்குது. இந்தா, நீங்கள் எல்லாரும் ஒப்பம் வைச்சிருக்கிறியள்."

மச்சாள் குனிந்து பார்த்தார். கோட்டுக்கு மேலும் கீழும் போன அந்தப் பெரிய எழுத்து முதலாம் வரியில் இருந்தது.

"இது என்ர ஒப்பம்தான்" என்றார். பிறகு தலைப்பில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். "மேல இங்கிலீசில என்ன எழுதியிருக்கு?"

"சப்போர்ட் குரூப்" என்றேன்.

"எண்டால்?"

"ஆதரவு தாற குழு."

வெளியே வந்ததும் தலைவிதான் சத்தம் போட்டார். "அலுமாரியை உடைச்சுக் களவெடுத்திருக்கிறாங்கள்!" மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். அலுமாரியில் ஒரு கீறல்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். நானும் அவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டினேன்.

தீவை விட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. எங்கே ஓடுவது? பாலத்தைத் தாண்டி வெள்ளாங்குளத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போனால் மூன்று நாளில் ஏன் வந்தாய் என்று கேட்பாள். ஞாயிறு பூசையில் 'என் பாவமே' என்று நெஞ்சில் தட்டுகிற இடம் வந்தபோது வழமையைவிடப் பலமாகத் தட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மச்சாள் திரும்பிப் பார்த்தார்.

அன்று பூசை முடிந்து அவர் பின்னாலேயே கரைக்குப் போனேன். அவர் முளையைச் சுற்றிப் பாயை விரித்து, காய்ந்த சூடையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சாள், அந்தத் தாளை நான்தான் குடுத்தனான்."

"தெரியும்."

"என்னண்டு?"

"அலுமாரித் திறப்பு உன்னட்டைத்தானே இருக்கு." கை நிற்கவில்லை. புரட்டிக்கொண்டே சொன்னார். "உன்னில கோவம் எண்டு இல்லை. அந்தப் பிள்ளை அழுதிருக்கும், நீ இரங்கிக் குடுத்திருப்பாய். ஆனால் நான் அந்த வயசில கிடந்து பேர் எழுதப் பழகினது என்னத்துக்கு? நான் சொல்லாததை என்ர எழுத்து போய்ச் சொல்லிக்கொண்டு நிக்குது. இனிமேல் ஒரு குரூப்புக்கும் நான் ஒப்பம் வைக்க மாட்டன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கழுதை பாயை நோக்கி வர, அதைத் துரத்த எழும்பிப் போனார்.

கரையைக் கம்பனிக்குக் கொடுப்பதில் ஆட்சேபனை இருந்தால் வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று பாலத்துக்கு அப்பாலிருக்கிற காணிக் கந்தோரில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம் வைத்தோம். முளைகளுக்கு எதிராகக் கடிதம் எழுதுவதற்கு முதலில் ஒரு அமைப்பு வேண்டும், அமைப்புக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார் தலைவி. அக்சன் கொமிட்டி என்று ஒருத்தி சொன்னாள். அக்சன் என்றால் பொலிஸ் வரும் என்றாள் இன்னொருத்தி. போரம் என்று போட்டால் மண்டபமும் மதியச் சாப்பாடும் கேட்பார்கள் என்றார்கள். பாதுகாப்புச் சபை என்றால் ஆமி பெயர் போல இருக்கிறதாம். எங்கள் பொருளாளர் முஸ்லிம் பெண், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"பேரைப் பிறகு பாப்பம். மனுசிக்கு இடம் போகுது, விஷயத்தை எழுதுங்கோ" என்றார்.

"பேர் இல்லாமல் என்னண்டு கடிதத் தலைப்பு அடிக்கிறது?" என்றார் தலைவி.

உண்மைக் காரணத்தை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. விடுதியில் அறை கூட்டவும் துணி தோய்க்கவும் ஊர்ப் பிள்ளைகளைத்தான் எடுப்போம் என்று கம்பனி சொல்லியிருந்தது. அந்த முப்பத்தொரு பேரில் பாதிப் பேருக்கு வீட்டில் வேலை இல்லாத மகள்மார் இருந்தார்கள். அவர்களைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மணித்தியாலம் பெயர் தேடி, தேநீர் குடித்து, "அடுத்த செவ்வாய் முடிவெடுப்பம்" என்று கலைந்தோம். அடுத்த செவ்வாய்க்கு முன் வெள்ளி வந்துவிடும் என்பதைப் பொருளாளர் மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

எல்லோரும் போன பிறகும் மச்சாள் போகவில்லை. முதுகில் நெட்வேர்க் என்று எழுதிய கதிரையை என் மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு கடிதம் எழுதித் தா. என்ர பேரில. நான் சொல்லச் சொல்ல எழுது."

அவர் சொன்னார், நான் எழுதினேன். "நான் இந்தக் கரையில் இருபத்திரண்டு வருஷமாகக் கருவாடு காயப்போடுகிறேன். நான் ஒருவருக்கும் ஆதரவு தருகிற குழு இல்லை. என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏலாது என்று சொல்லியிருப்பேன். என் மனுசன் படுக்கையில் இருக்கிறார். எனக்கு வேறு இடம் இல்லை." அவ்வளவுதான். இவ்வளவு வருஷத்தில் நான் எழுதிய கடிதங்களில் ஒரு சோடனையும் இல்லாதது அது ஒன்றுதான். இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். பிறகு நாக்கைத் துருத்திக்கொண்டு, முழுப் பெயரும் எழுதி ஒப்பம் வைத்தார்.

வியாழக்கிழமை அதைக் கொண்டு கந்தோருக்குப் போனேன். மேசையில் இருந்தவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தனி ஆளின்ர கடிதத்தை இதுக்கு எடுக்கேலாது அம்மா. தனி ஆள் எண்டால் அது தனிப்பட்ட பிரச்சினை. சம்மதம் ஒரு அமைப்பு குடுத்திருக்கு. மறுக்கிறதும் ஒரு அமைப்பாத்தான் இருக்க வேணும். தலைப்பு, முத்திரை, வரவுத் தாள் எல்லாத்தோடயும் நாளைக்கு மூண்டு மணிக்குள்ள வாங்கோ."

"சேர், பாதிக்கப்படுறது இந்த ஒரு ஆள்தான்."

"விளங்குது அம்மா. நான் என்ன செய்ய?" என்றார். அவரும் பாவம், அவருக்குச் சொல்லித் தந்ததை எனக்குச் சொன்னார்.

பஸ் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் தகடு போல வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வசனமாகக் கட்டிக்கொண்டு வந்தேன். ஊர்ச் சந்தியில் இறங்கினால் மச்சாள் வெயிலில் நின்றார். பூசைக்கு உடுத்துகிற சீலையை உடுத்தியிருந்தார். என் கைப்பையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"எடுத்தவையோ?"

"ஓம், எடுத்தவை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கட்டிக்கொண்டு வந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கர்த்தரே" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. காலையில் சங்கக் கட்டடத்தைத் திறந்து அலுமாரிக்கு முன்னால் நின்றேன். உள்ளே நாலு தாள் மிச்சம் இருந்தன. கம்பனி விஷயம் வெளிப்பட்ட பிறகு ஒப்பச் செவ்வாயை நிறுத்திவிட்டோம், பழைய தாள்களைக் கிழித்துப் போடச் சொல்லித் தலைவி சொல்லியிருந்தார். நான் இன்னும் கிழிக்கவில்லை. நாலிலும் முதலாம் வரியில் மச்சாளின் பெரிய எழுத்து. குரூப்புக்கு இனி வைக்க மாட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்ன அதே ஒப்பம்.

இதே காரியத்தைச் செய்துதான் அவர் இடத்தை நான் தொலைத்தேன். இப்போது அதைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் இதே காரியத்தைத்தான் திரும்பச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மூன்று மணியோடு எல்லாம் முடிந்துவிடும். என் புத்தி அந்த அலுமாரிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. வெளியே போக ஒரு வழியும் தெரியவில்லை.

கடைசியில் பேனையை எடுத்தேன். கொமிட்டி என்று எழுதவில்லை, போரம் என்றும் எழுதவில்லை. அசோசியேசன் என்று எழுதினேன். கருவாட்டுப் பெண்கள் அசோசியேசன். அந்தச் சொல்லுக்குக் கந்தோர்களில் ஒரு கனம் உண்டு என்று டைப் அடித்த காலத்தில் கண்டிருக்கிறேன். முப்பத்தொரு பேர் வேண்டாம் என்கிறார்கள் என்று ஒரு கடிதம் எழுதி, சொசைட்டி முத்திரையைப் பெயர் வாசிக்க முடியாதபடி கொஞ்சம் மங்கலாகக் குத்தினேன். மச்சாளின் கடிதத்தையும் அதோடு சேர்த்துக் குண்டூசி குத்திக்கொண்டு போனேன். மேசையில் இருந்தவர் தலைப்பைப் பார்த்தார், ஒப்பங்களை எண்ணினார், திருப்தியாகத் தலையாட்டினார். குண்டூசியைக் கழற்றி மச்சாளின் கடிதத்தை என்னிடமே தந்தார்.

"இது தேவையில்லை" என்றார்.

மூன்று கிழமைக்குப் பிறகு நில அளவைக்காரர் வந்தார்கள். சிவப்பு முளைகளைப் பிடுங்கிப் பனங்காணி எல்லையில் அடித்தார்கள். கரைத் துண்டு இப்போதைக்கு விலக்கு என்று ஒரு கடிதமும் வந்தது. மச்சாள் ஊர் முழுக்க நடந்து சொன்னார். மனுசனின் கட்டிலருகே இருந்து சொன்னார், கோயில் வாசலில் நின்று சொன்னார், மீன் வாங்க வந்த வியாபாரிக்கும் சொன்னார்.

"முப்பத்தொரு பேர் கூடி இருந்து ரெண்டு மணித்தியாலம் பேர் தேடினவை. நான் ஒரு ஆள், ஒரு தாள். என்ர ஒப்பத்துக்கு எடுபட்டுது பாத்தியளே!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படி வாயைத் திறப்பது? நானும் சிரித்தேன். மச்சாளின் கடிதம் என் பூசைப் புத்தகத்துக்குள் மடித்தபடி இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மற்றப் பெண்களும் கடிதம் எழுதித் தரச் சொல்லி வரத் தொடங்கினார்கள். ஒருத்திக்குத் தண்ணீர்க் குழாய். ஒருத்திக்கு வேலிக்குக் குறுக்கே வருகிற மின்கம்பம். எல்லாம் தனி ஆளாக, தன் பெயரில். கொண்டு போவேன், கந்தோரில் திருப்பித் தருவார்கள். ஊருக்கு வந்தால் எழுதச் சொன்னவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

"மச்சாளுக்கு எண்டால் வடிவா எழுதிக் குடுக்கிறா. எங்களுக்கு எண்டால் ஏனோதானோ" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அந்த வாரமே அவளுடைய குழாய்க்கு ஒரு தாள் போனது. மின்கம்பத்துக்கு இன்னொன்று. எந்த நாளாவது அந்தத் தாளில் ஒன்று போட்டோப் பிரதியாக எங்காவது ஒரு மேசையில் வைக்கப்படும், அப்போது முப்பத்தொரு பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அலுமாரியில் மிச்சம் ஒரே ஒரு தாள்.

இந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் இராஜினாமாக் கடிதத்தை வழமையை விட நீளமாக எழுதிக்கொண்டு போனேன். உடம்பு ஏலாது, கண் மங்கல், வீட்டு வேலை என்று எல்லாக் காரணமும் போட்டிருந்தேன். தலைவி வாசித்து முடித்தார். மின்விசிறி கிறீச்சிட்டது. முதல் தடவையாக ஒரு கை உயர்ந்தது. மச்சாளின் கை. விட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"இவ இல்லாட்டி எங்கட கடிதத்தை ஆர் கந்தோருக்குக் கொண்டு போறது?" என்றார் மச்சாள். "இவவையே வைச்சிருக்க வேணும் எண்டு நான் முன்மொழியிறன்."

வழிமொழிய இருபது கைகள் உயர்ந்தன.

பிறகு கூட்டப் புத்தகம் சுற்றி வந்தது. கரைப் பிரச்சினைக்குப் பிறகு மச்சாள் கூட்டங்களுக்கு வருவார், இருப்பார், தேநீர் ஊற்றுவார், புத்தகம் வந்தால் ஒப்பம் வைக்காமல் அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். அன்று தள்ளவில்லை. என் மேசைக்குக் கொண்டுவந்து விரித்தார்.

"மேல என்ன எழுதியிருக்கு?"

"மாதர் சங்கப் பொதுக்கூட்டம்" என்றேன்.

"வாசிச்சுப் பாக்க எனக்கு ஏலாது. நீ சொன்னால் சரி."

பேனையை வாங்கினார். நாக்கு நுனி வெளியே வந்தது. முதலாம் வரியில், கோட்டுக்கு மேலும் கீழும் போகும்படி பெயரை எழுதினார். ஊதிக் காயவைத்துவிட்டுப் புத்தகத்தை என் கையில் தந்தார்.